ஆறு மாதத்தைக் கிழித்தவர்

"மேடம், இந்த வீட்ல என்ன களவு போயிருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றார் நம்பிராஜன். "ஆறு மாசம்!"

அவர் காட்டிய சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கனத்த கறுப்பு எழுத்தில் ஜூலை 26, சனிக்கிழமை. உமாராணி கிட்டே போய் அட்டையைத் தடவிப் பார்த்தாள். ஜனவரி 19-லிருந்து ஜூலை 25 வரை ஒரு தாள் இல்லை. கிழித்த இடத்தில் பிசிறு இல்லை. பொறுமையாகக் கிழித்த கை.

குற்றாலத்திலிருந்து ஐந்தருவி போகும் சாலையில் இருந்த அந்த வீட்டின் உரிமையாளர் லோகநாயகி, மெல்போர்னில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பொங்கலுக்கு வந்துவிட்டு ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவள். அதற்குப் பிறகு தினமும் கேமரா வழியாக ஹாலைப் பார்ப்பாள். சுவரில் சிவப்பு எழுத்தில் 19 நிற்கும். நேற்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது அது கறுப்பு 26 ஆகியிருந்தது. நகை இல்லை, டிவி போகவில்லை, ஒரு டம்ளர் கூட இடம் மாறவில்லை. ஆனால் தேதி மாறியிருந்தது. பள்ளித் தோழி ஒருத்தி கொடுத்த நம்பரில் உமாராணியைப் பிடித்தாள்.

இருபது வருடம் காவல்துறையில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக விலகி வந்து, தென்காசியில் இரண்டு அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள் உமாராணி. அவளுடைய ஒரே ஊழியர் நம்பிராஜன், குற்றாலத்தில் இருபத்திரண்டு வருடம் லாட்ஜ் மேனேஜராக இருந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்பாள். சம்பளம் வாங்குகிறோம் என்பதால் அவர் அவளை மேடம் என்பார்.

கையில் இருந்த போனில் லோகநாயகியின் முகம் வீடியோவில் தெரிந்தது. முன்கதவின் நம்பர் பூட்டைச் சற்று முன் அங்கிருந்தபடியே அவள்தான் திறந்துவிட்டிருந்தாள்.

"எட்டு கேமரா வச்சேன் மேடம். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துல இருந்து சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எட்டும் படுத்துட்டு."

"சாரல் சீசன். நெட் போறது சகஜம்" என்றது படத்துக்கு வெளியே ஒரு ஆண்குரல். லோகநாயகியின் கணவர் மகாதேவன்.

"செவ்வாய் மத்தியானம் போயி சனி மத்தியானம் கரெக்டா திரும்பியிருக்கு" என்றார் நம்பிராஜன். "நெட்டும் நாலு நாள் ரூம் போட்டு, அருவில குளிச்சிட்டு வந்திருக்கும்போல."

உமாராணி அவரை முறைத்துவிட்டு, "கதவு உடையல. சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

"முன்கதவுக்கு நம்பர்தான். எனக்கும் இவங்களுக்கும் மட்டுந்தான் தெரியும். பின்கதவுச் சாவி இசக்கிகிட்ட. நாங்க போன்ல இருக்கும்போது மட்டுந்தான் அவன் திறக்கணும்னு கண்டிஷன்."

இசக்கியும் அவன் மனைவி பேராச்சியும் காம்பவுண்டுக்குள்ளேயே ஓரமாக இருந்த ஒற்றை அறையில் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள். நாலு வருடமாக அதுதான் அவர்களுக்கு வீடு. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகிறோம் என்று செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பிச் சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்பியிருந்தார்கள்.

மகாதேவனின் முகம் இப்போது படத்துக்குள் வந்தது. "மேடம், ரொம்ப ஆராய்ச்சி வேண்டாம். கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டு, சீசனுக்கு எவனுக்கோ வீட்டைத் திறந்துவிட்டிருக்கான். சாயங்காலம் அஞ்சு மணிக்குச் செக்யூரிட்டி கம்பெனி ஆளுங்க வாராங்க. அதுக்குள்ள இசக்கி காலி பண்ணணும். நாளைக்கு போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட்."

"அவ்வளவு அவசரமா?"

"என் வீடு மேடம்."

லோகநாயகி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். 'நம்ம வீடு' என்று திருத்த நினைத்து விட்டுவிட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை. உமாராணி அதையும் குறித்துக்கொண்டாள்.

போனை அணைத்துப் பையில் போட்டதும் நம்பிராஜன் வேலையைத் தொடங்கினார். படுக்கை உறை, குளியலறை மூலை, சமையலறைத் தொட்டி, சோபாவின் தலைமாடு என்று ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

"மேடம், இருபத்திரண்டு வருஷம் ரூம் காலி பண்ணவன் விட்டுட்டுப் போனதப் பாத்தே எந்த ஊருன்னு சொன்னவன் நான். இங்கன வந்தவன் டூரிஸ்ட்டே இல்ல."

"எப்படிச் சொல்லுதிய?"

"குற்றாலத்துல வந்து நாலு நாள் தங்கினவன் தலைக்கு எண்ணெ தேய்க்காம இருப்பானா? தேய்ச்சா, எண்ணெத் தலையோட சுவத்துல சாய்வான், சோபாவுல சாய்வான். லாட்ஜுல வெள்ளையடிச்சே நாங்க ஓஞ்சு போனோம். இங்கன ஒரு கறை இல்ல. ஷாம்பு பாக்கெட் இல்ல, கோழி எலும்பு இல்ல, பாட்டில் இல்ல. தலகாணி உறையக் கழட்டி, துவைச்சு, காயப்போட்டு, மறுபடி மாட்டியிருக்கு. மேடம், காசு குடுத்துத் தங்குறவன் ஒருத்தனும் உறை துவைச்சு நான் பாத்ததில்ல."

"அப்ப களவாணி?"

"களவாணி எதுக்கு நாளு பாக்கணும்? ராகுகாலம் முடிஞ்சு பூட்ட உடைக்கவா?"

இருவரும் பின்பக்கம் போனார்கள். கதவைத் திறக்க உமாராணி உள்ளிருந்து பூட்டின் குமிழைத் திருகி இழுத்தாள். அசையவில்லை. சாரலில் ஊறிய மரம் சட்டத்தோடு இறுகிப்போயிருந்தது. வெளியே சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார்கள். கதவும் சட்டமும் சேரும் இடத்தில், சாவித் துவாரத்துக்கு நாலு விரல் மேலே, மண்ணால் ஒரு குளவிக் கூடு. கதவில் பாதி, சட்டத்தில் பாதி. விரிசல் இல்லை. காய்ந்து பல நாள் ஆகியிருந்தது.

"இந்தக் கதவு திறந்து மாசக்கணக்காச்சு" என்றாள் உமாராணி. "இசக்கி கையில இருக்கிறது இந்தச் சாவி மட்டுந்தான்."

"குளவி சாட்சி சொல்லுது. ஆனா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறது கஷ்டம்."

"வந்தவன் முன்கதவு வழியா, நம்பர அமுக்கி வந்திருக்கான்."

"நம்பர அவங்க அமுக்கையில இசக்கி எட்டிப் பாத்திருப்பான்னு அந்த சார் சொல்லுவாரே மேடம்."

சொல்வார்தான். அதனால் உமாராணி வேறு தடயம் தேடி மாடிக்கு ஏறினாள்.

மேல்மாடியில் மலையைப் பார்த்த பால்கனி. சன்ஷேடு இருந்ததால் கைப்பிடிச் சுவரின் ஒரு ஓரம் நனையாமல் இருந்தது. அங்கே கையகலத்துக்குக் காய்ந்த வாழையிலைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் நாலைந்து சோற்றுப் பருக்கை. பருக்கைகளுக்கு நடுவே கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ. உமாராணி விரல் நுனியில் ஒற்றி எடுத்தாள். எள்.

அவள் முகம் மாறியதை நம்பிராஜன் பார்த்தார். "என்ன மேடம்?"

"வியாழக்கிழமை என்ன நாளு?"

"ஆடி அமாவாசை."

"அருவிக்கரையில எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வந்து, சமைச்சு, காக்காய்க்குச் சோறு வச்சிட்டு அப்புறம் சாப்பிட்டிருக்காரு ஒருத்தரு. அப்பன் இல்லாத ஆம்பள. வயசானவரு. காலையில எந்திரிச்சதும் காலண்டர்த் தாளக் கிழிச்சாத்தான் அவருக்குப் பொழுது விடியும்."

"சரி, பக்தியுள்ள களவாணி."

"அண்ணாச்சி, செத்துப்போன அப்பனையும் தாத்தனையும் சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டு வைக்கிற சோறு இது. முன்ன பின்ன தெரியாதவன் வீட்டு மாடியில நின்னு நீங்க அவங்களக் கூப்பிடுவியளா?"

நம்பிராஜன் தலையைச் சொறிந்தார். "என் மாமியார் வீட்லயே கூப்பிட்டது கிடையாது. நம்மளுக்கே அங்கன மரியாத இல்ல, அவங்களயும் எதுக்கு?"

"அதான். இங்க வந்தவரு இதத் தன் வீடுன்னு நெனச்சு வந்திருக்காரு."

கீழே இசக்கியின் அறை வாசலில் பேராச்சி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். இசக்கிக்கு அறுபது வயதிருக்கும். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, எங்கே போவது என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தவன், இவர்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"எங்கள ஏன் பாக்குதிய, கேளுங்க. நாங்க அஞ்சு நாளும் கோயில்கிட்ட காரையாறு ஆத்தங்கரையில தார்ப்பாய் கட்டிக் கெடந்தோம். பக்கத்துத் தார்ப்பாய்க்காரன் நம்பர் வேணுமா?"

"எப்பவும் அஞ்சு நாள் போவியளா?"

"எங்க! ரெண்டு நாளைக்கே சார் மூக்கால அழுவாவ. இந்த வாட்டி அவுகளே கூப்பிட்டு, 'நாலஞ்சு நாள் இருந்துட்டே வா, வீட்டப் பத்திக் கவலப்படாத'ன்னாவ. ஐயனாரே பேசுதாருன்னு நெனச்சேன்."

பேராச்சி சட்டென்று ஒரு சாக்கை இழுத்துத் தன் பின்னால் நகர்த்தினாள். சாதாரணமாக நகர்த்தவில்லை. நம்பிராஜன் அதைப் பார்க்காததுபோல் அடுப்புப் பக்கம் போய்த் திரும்பி வந்தார். வருகிற வழியில் சாக்கில் கால் தடுக்கியது. மேலே இருந்த துணி மூட்டை சரிந்து, கறுப்பு நிற மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று சிமெண்ட் தரையில் வந்து விழுந்தது.

இசக்கி கண்ணை மூடிக்கொண்டான்.

"எடுத்தாச்சு, மறைச்சாச்சு" என்றாள் உமாராணி. அவள் குரலில் பழைய காக்கி உடுப்பு வந்திருந்தது. "இது யாருக்குள்ளது?"

"தெரியாதும்மா" என்றாள் பேராச்சி. அழவில்லை. கோபமாக இருந்தாள். "சனிக்கிழம வந்தப்போ முன்படியில கெடந்துச்சு. எடுத்து வச்சேன். மறுநாளே வீட்ல ஆள் தங்கியிருக்குன்னு அங்கன இருந்து போன். அப்பவே இதக் குடுத்திருந்தா, 'பாரு, உங்கிட்டதான் இருக்கு'ன்னு சொல்லுவாவ. குடுக்காட்டியும் களவாணி, குடுத்தாலும் களவாணி. நீங்களே சொல்லுங்க, எதுல கொஞ்சம் மரியாத மிஞ்சும்?"

உமாராணி குனிந்து அதைக் கையில் எடுத்தாள். கூட்டைத் திறந்தாள். தடித்த படிக்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. மூடியின் உள்பக்கம் பொன்னெழுத்தில் இருந்த கடைப்பெயர் அழிந்துபோயிருந்தாலும் ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தது. கடையம்.

வெளியே வந்து மறுபடி மெல்போர்னுக்குப் போட்டாள். இரண்டு முகங்களும் வந்தன.

"ஒரே ஒரு கேள்வி. கடையத்துல உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல" என்றார் மகாதேவன். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

லோகநாயகி அவரை வினோதமாகப் பார்த்தாள். "ஏங்க, உங்க அப்பா கடையத்துலதான இருக்காங்க?"

"அப்பாவ நான் கணக்குல சேக்கல. அவரு எங்க அந்த வீட்டுக்கு வாராரு? பால் காய்ப்பு அன்னைக்கே இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனவரு."

"அது சரிதான்" என்றாள் லோகநாயகி. அவள் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "நாலு வருஷம் ஆச்சு மேடம். வந்தவங்க முன்னால, 'இது பொண்டாட்டி கட்டின வீடு, என் மவன் இதுல வாடகைக்காரன்'னு சொன்னாங்க. அப்ப நீங்க வர வேண்டாம்னு நானும் சொல்லிட்டேன். சாப்பிடாம எந்திரிச்சுப் போனவங்கதான். அவங்க வரவே மாட்டாங்க."

"சரிம்மா. அஞ்சு மணிக்குள்ள கூப்பிடுதேன்."

காரில் ஏறும்போது நம்பிராஜன் சொன்னார்: "லாட்ஜுல ரூம்ல தனியா இருக்கியளான்னு கேட்டா, கேட்டு முடிக்கும் முன்னால ஆமாம்பான். அவனுக்குக் கட்டிலுக்கு அடியில எப்பவும் ஆள் இருக்கும்."

மத்தளம்பாறை வழியாகக் கடையம் போய்ச் சேர மூன்று மணி ஆயிற்று. வழியெல்லாம் சாரல், கடையத்தில் வெயில். மகாதேவனின் அப்பா நயினாரின் வீட்டைக் கேட்டதும் மூன்று பேர் கை காட்டினார்கள். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, எழுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் செய்தித்தாளைக் கை நீளத்துக்கும் அப்பால் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் போராடிக்கொண்டிருந்தார்.

உமாராணி பேச வாயெடுக்கும் முன் அவர் பார்வை அவள் கையில் இருந்த கறுப்புக் கூட்டில் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! மருமவ குடுத்து விட்டாளா? அங்கன இருந்தே ஆள் புடிச்சு அனுப்பிட்டாளா?"

உமாராணி நின்ற இடத்தில் நின்றாள். வழக்குகளில் இதுவரை எத்தனையோ பேர் பொய் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். இவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பிச் சொல்கிறார். அதுதான் சிக்கல்.

"உக்காருங்க, உக்காருங்க. ஆட்டோவுல ஏறுற அவசரத்துல படியில வச்சிட்டு வந்துட்டேன். மூணு நாளா பேப்பர் படிக்கல. என்ன, நாட்டுல ஒண்ணும் கெட்டுப் போகல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருவரையும் நன்றாகப் பார்த்தார். "அவ நல்லாயிருக்காளா?"

"நல்லாயிருக்காவ ஐயா. நீங்க போயிருந்தது..."

"அவ சொன்னாளாம்லா! 'மாமா அமாவாசைக்கு நம்ம வீட்ல வந்து இருக்கட்டும், அருவில முழுகிட்டு முன்னோருக்குச் செய்யட்டும்'னு. மவன்தான் போன்ல சொன்னான். பூட்டு நம்பரும் அவ குடுக்கச் சொன்னதா சொன்னான். நாலு வருஷம், அம்மா. நான் பேசின பேச்சுக்கு எவளும் மறுபடி கூப்பிட மாட்டா. இவ கூப்பிட்டுட்டா. கூப்பிட்டபிறகு வீம்பு பிடிச்சா நான் மனுஷனா?"

நம்பிராஜன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட நீங்க பேசினியளா?" என்று உமாராணி மெதுவாகக் கேட்டாள்.

"மவன்தான், 'அவளுக்கு நைட் டூட்டி, நீங்க போன் பண்ணாதீங்க, அவளே பண்ணுவா'ன்னான். பண்ணுவா. வேல இருக்கும்லா." சிரித்தார். "உள்ள போனா ஜனவரி மாசம் தொங்குது. தேதி நின்னு போன வீட்ல எப்படித் தங்க? எல்லாத்தையும் கிழிச்சு, சாமி படம் போட்ட தாளுல்லா, மிதிபடக் கூடாதுன்னு பைக்குள்ள போட்டுக் கொண்டாந்துட்டேன்."

தண்ணீர் எடுக்க அவர் உள்ளே போனார். நம்பிராஜன் குரலைத் தாழ்த்தினார். "மேடம், மணி மூணே கால். சொல்லலைன்னா அங்கன இசக்கி தெருவுக்கு வாரான். சொன்னா இந்த மனுஷன்..."

"தெரியும்."

"மவன் இவர ஏமாத்தி, அவள ஏமாத்தி, கேமராவ அமத்தி, பழிய இசக்கி மேல கொண்டு போட்டிருக்கான். தங்கமான குடும்பஸ்தன்!"

நயினார் தண்ணீர்ச் செம்போடு வந்தபோது உமாராணி எழுந்து நின்றாள். யாரும் யாரையும் கூப்பிட்டதைப் பற்றி அவள் பேசவில்லை.

"ஐயா, அந்த வீட்டப் பாத்துக்கிற இசக்கிய இன்னைக்கு அஞ்சு மணிக்கு வெளிய அனுப்புதாவ. நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்காவ. அவன் இல்லாத நாலு நாள்ல யாரோ வீட்ல தங்கியிருக்காங்கன்னு குத்தம்."

செம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. "யாரு அனுப்புதா?"

"உங்க மகனும் மருமகளும்."

நயினார் செம்பைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மறுபடி மாட்டினார். அதற்குள் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அப்போ அவ கூப்பிடல" என்றார்.

உமாராணி வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

"வண்டியில இடம் இருக்கா?"

அவர்கள் திரும்பி வந்தபோது ஐந்தாக ஐந்து நிமிடம். வீட்டு முன்னால் ஒரு லோடு ஆட்டோ. அதில் பேராச்சியின் சாக்குகள். நீலச் சீருடையில் இரண்டு செக்யூரிட்டி ஆட்கள் கேட்டுக்கு உள்ளே நின்று, இசக்கியிடம் சாவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுத் தூணில் இருந்த கேமராவின் ஒலிபெருக்கியில் மகாதேவனின் குரல்: "சாவிய அவங்க கையில குடுத்துட்டுப் போ இசக்கி. பேச்சு வேண்டாம்."

நயினார் காரை விட்டு இறங்கினார். கேட்டுக்கு வெளியே, சாரலில், கேமராவுக்கு நேராக வந்து நின்றார்.

ஒலிபெருக்கி அடங்கிப்போயிற்று.

"மாமாவா?" என்றது லோகநாயகியின் குரல்.

"நான்தாம்மா. நாலு நாள் வீட்ல இருந்தது நான். காலண்டரக் கிழிச்சதும் நான். இசக்கிக்கும் இதுக்கும் ஒண்ணும் கிடையாது. நீ கூப்பிட்டன்னு சொன்னான், வந்தேன். கூப்பிடலைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதான் வெளிய நிக்கேன்."

மெல்போர்னில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் குற்றாலத்தில் கேட்டது. பிறகு லோகநாயகி கேட்டாள், யாரிடம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "கேமராவ நீங்கதான் அமத்துனியளா?"

மகாதேவனின் குரல் இறங்கியிருந்தது. "கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப. அம்மைக்குத் திதி குடுக்க எனக்கும் அங்க வர முடியல. அப்பாவாவது..."

"நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அது எனக்கும் உங்களுக்கும். இசக்கி என்ன செஞ்சான்?"

இசக்கிதான் பேசினான். கேமராவைப் பார்த்துப் பேசப் பழக்கமில்லாததால் தூணைப் பார்த்துப் பேசினான்.

"சார், அப்பா வாராவன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கோயிலுக்கே போயிருக்க மாட்டேனே. அருவிக்குக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பேராச்சி சமைச்சுப் போட்டிருப்பா. வாய மூடச் சொல்லியிருந்தா மூடியிருப்பேன். எங்கள அந்தப் பக்கம் அனுப்பிட்டு, வந்ததும் களவாணின்னுட்டியளே."

"இசக்கி, நான்..." என்று ஆரம்பித்த மகாதேவனின் குரல் பாதியில் நின்றது.

"தம்பிகளா, நீங்க போகலாம்" என்றாள் லோகநாயகி. செக்யூரிட்டி ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பைக்கை உதைத்துக் கிளம்பினார்கள். "மாமா, அன்னைக்கு நீங்க பேசினத நான் மறக்கல. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப நான் கூப்பிடுதேன். உள்ள போங்க, நனையுதிய."

நயினார் ஒரு கணம் தயங்கினார். பேராச்சி வந்து கேட்டை அகலத் திறந்தாள். அவர் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

"இசக்கி அண்ணாச்சி" என்றாள் லோகநாயகி. இதுவரை அவள் அவனை அப்படி அழைத்ததில்லை. "தப்பு எங்க மேல. மன்னிச்சுக்கிடுங்க. இன்னைக்கே முன்கதவு நம்பர மாத்துதேன். இனி அது எனக்கும் உங்களுக்கும் மட்டுந்தான். இவங்களுக்குக் கூடக் கிடையாது. போன்ல தனியா சொல்லுதேன்."

"அப்படிப் போடுங்க" என்றார் நம்பிராஜன்.

இசக்கி லோடு ஆட்டோவின் பின்பலகையைத் திறந்துகொண்டிருந்தான். முதல் சாக்கை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினான்.

"வேண்டாம்மா. அந்த நம்பர் எனக்கு வேண்டாம். நாளைக்கு வேற ஏதாவது ஆச்சுன்னா, நம்பர் தெரிஞ்சவன்னு மொதல்ல என்னையத்தான் பிடிப்பிய. சந்தேகம் வந்தா மொதல்ல எங்கிட்ட கேளுங்க. அப்புறமா ஊர்ல கேளுங்க. அது போதும்."



"கேக்கேன், அண்ணாச்சி" என்றாள் லோகநாயகி.

"சரிம்மா. ஏட்டி, அடுப்பத் தனியா எடுத்து வையி, அய்யா சாப்பிடல" என்று சொல்லிவிட்டு, இசக்கி சாக்கோடு தன் அறைக்குப் போனான்.